அம்மா இல்லாத திருப்பம்

தூவி என்ற இளம் நாரைக்கு இடது எது, வலது எது என்பது சட்டென்று பிடிபடாது. கூட்டம் ஒரு பக்கம் திரும்பினால் அவள் மறுபக்கம் போய்விடுவாள். அதனால் குஞ்சுப் பருவத்திலிருந்தே அம்மா அவளை ஒட்டிப் பறந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் காதோடு சொல்லிக்கொண்டு வந்தாள்.

சிறகு முற்றிய வயதில் ஒருநாள் தூவி சொன்னாள்: "இனிமே நீ பக்கத்துல வராதேம்மா. என் வயசுக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

"தப்பான பக்கம் திரும்பிட்டா?"

"என் தோழி அல்லிகிட்ட கேட்டுட்டேன். பின்னாலேயே பறந்து, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தச் சிறகைத் தொடுறேன்னு சொல்லியிருக்கா."

இத்தனை நாளில் அம்மாவுக்குத் தோன்றாத யோசனை அது. "சரிடி கண்ணு" என்றாள்.

மறுநாள் காலை கூட்டம் கிளம்பியபோது அம்மா ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டாள். முதல் திருப்பத்தில் தூவி தடுமாறினாள். அல்லி தொட்டதும் சுதாரித்துத் திரும்பினாள். அடுத்த திருப்பத்தில் தடுமாறவே இல்லை.

அம்மாவுக்கு நிம்மதிதான். ஆனாலும், ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பார்க்கமாட்டாளா என்று அண்ணாந்தபடி நின்றாள். தூவி பார்க்கவில்லை. கூட்டம் கண்ணுக்கு மறைந்து வெகுநேரமாகியும் அம்மா இரை தேடப் போகவில்லை.