செருகியபடியே

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரச் சமூகக்கூடத்தில், சனிக்கிழமைதோறும் நான் பழுதுபார்த்துக் கொடுக்கும் மேசையில், எதிரே உட்கார்ந்திருக்கும் ஃபென்னாவின் மடிக்கணினி என் முன்னால் திறந்திருக்கிறது. கறுத்த திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: தொடங்க எதுவும் கிடைக்கவில்லை. ஜன்னலில் மழை வழிகிறது. பிஸ்கட் டப்பா ஒருமுறை சுற்றிவந்து மூடிக்கொண்டுவிட்டது. அவள் எடுத்த ஒன்று காப்பித் தட்டில் ஊறிக் கிடக்கிறது. கணினியின் பக்கவாட்டில் என் விரலுக்கு ஒரு பென்டிரைவ் தட்டுப்படுகிறது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துகிறேன். விசிறி சுழல, நீல ஒளி அவள் முகத்தில் விழுகிறது. முகம் அசையவில்லை. “இதை மாட்டிட்டு ஆன் பண்ணா, மெஷின் முதல்ல இதுக்குள்ளதான் தேடும். ஒண்ணும் கிடைக்கலன்னா அங்கயே நின்னுடும், பிடிவாதக் கழுதை. என்ன இருக்கு இதுல?” என்கிறேன். “என் வீட்டுக்காரரோட இறுதிச்சடங்கு வீடியோ. தகனக்கூடத்துல குடுத்தாங்க. தினம் சாப்பிட்டதும் பார்க்கலாம்னு மாட்டிட்டு ஆன் பண்ணுவேன். ஓடாது. போய்ப் படுத்துடுவேன்.” “தேடுற வரிசைய மாத்திடறேன். இனிமே மாட்டியிருந்தாலும் ஓடும்.” அவள் கை என் மணிக்கட்டின் மேல் வந்து அமர்கிறது. அதில் சூடில்லை. “வேண்டாம். என் மகதான் ரிப்பேருக்குக் கொண்டுபோகச் சொன்னா. சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்.” பென்டிரைவைப் பழைய துளையிலேயே செருகி, கணினியை அணைத்து மூடுகிறாள்.