அப்பா வைத்த மரம்

தேசியப் பூங்காவின் ஏரிக்கரை முகாமில், காற்றில் சாய்ந்திருந்த ஆப்பிள் மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார் காவலர் கர்ட்டிஸ்.

"நாளைக்கு இதை வேரோட தோண்டி எடுக்கிறோம், மேடம். கூடாரத்தை மாத்திக்குங்க."

முதியவர் லொரேனா அசையவில்லை. "இங்க ஊர் இருந்தப்போ இது எங்க கொல்லை. அப்பா வச்ச மரம். வேணும்னா வெட்டு. தோண்டாதே."

"வருஷா வருஷம் வந்து இதுக்குக் காவல் இருக்கீங்க. ஒரு பழம்கூடத் தின்னதில்லை. என்னமா தித்திக்குது தெரியுமா?"

"எங்க வீட்டுல யாரும் தின்ன மாட்டோம்."

"அப்படியா? அப்பா எப்ப வச்சாரு?"

"அம்மா ஓடிப்போன மறுநாள்."

"ஓடிப்போனாங்களா?"

"ஊர் அப்படித்தான் நம்புச்சு." லொரேனா முதுகை நிமிர்த்தினார். "எங்கப்பா பேருக்காக அது அப்படியே இருக்கட்டும்."

கர்ட்டிஸ் மெல்லுவதை நிறுத்தினார்.