கார்புரேட்டர் அடைப்பு

"இது தானா அடைஞ்ச அடைப்பு இல்ல. யாரோ வேணும்னே அடைச்சது."

மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுண்டுவிரல் நகம் அளவு பித்தளைத் திருகு. நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதற்குள் வெளிச்சம் தெரியவே இல்லை.

மெல்லிய கம்பியை விட்டு நோண்டினார். வெள்ளையாக ஏதோ வந்தது. விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார்.

நுரைத்தது. குளிக்கிற சோப்பு.

அவருக்கு வந்ததே கோபம்.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளோடு அவர் பட்ட பாடு கொஞ்சமா? பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருடைய மகன் ஆசை ஆசையாக வாங்கி, கார்புரேட்டரைக் கழற்றிப் போட்ட கையோடு காய்ச்சலில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. பெரியவர் அதைப் பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"எம் புள்ள ஆரம்பிச்ச வேலை தம்பி. ஓட வச்சுக் குடுத்துடுங்க."

எத்தனையோ வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த திருகுகள். எண்ணெயில் ஊறப்போட்டு, சூடு காட்டி, தட்டிக் கொடுத்து, திட்டித் தீர்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாம் சரி செய்து மாட்டியும் வண்டி ஓடவில்லை.

அவர் வேலை செய்கிற விதம் அப்படி. சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போய், அங்கே நிற்கிற வண்டியில் மாட்டி, பெட்ரோலைத் திறந்து விட்டுவிடுவார். ராத்திரி முழுக்க எங்கேயும் கசியாமல் இருந்தால்தான் காலையில் கிக்கரை உதைப்பார். காலையில் உதைத்தால் இந்த வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மூன்று தடவை ஆகிவிட்டது. 'எனக்குத்தான் தொழில் மறந்துபோச்சோ' என்று அவரே நொந்துபோயிருந்தார்.

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். மகனை இழந்து நிற்கிற பெரியவர் இந்தக் காரியத்தைச் செய்வாரா? அப்படியென்றால் மருமகள்தான். புருஷன் ஆசைப்பட்ட வண்டி ஓடக்கூடாது என்று நினைக்கிற மனசு என்ன மனசோ.

ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டி, கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கிளம்பினார்.

பெரியவர் பின்கட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மெக்கானிக் வாங்கவில்லை.

"ஏம்மா, பைலட் ஜெட்ல சோப்பு எப்படி வந்துச்சு?"

அவள் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மறைக்கவில்லை.

"நான்தான் அண்ணே வச்சேன். அவர் அதைப் பிரிச்சப்போ டார்ச் பிடிச்சது நான்தானே. எந்த ஓட்டை எதுக்குன்னு அவரே சொல்லிக் குடுத்தார்."

"அந்த மனுஷன் சொல்லிக் குடுத்ததை வச்சு இப்படியா பண்ணுவே? பெத்தவர் படுற பாடு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணே. வண்டி ஓடின மறுநாளே என்னை எங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய் விடுறதா மாமா வாக்கு குடுத்துட்டார். நான் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா? பசிச்சாக்கூட வாய்விட்டுக் கேக்க மாட்டார்."

"போக மாட்டேன்னு அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, 'எனக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்துக்காதே'ன்னு அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மெக்கானிக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வந்த வேகத்தில் இந்தப் பெண்ணைப் பேசிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் மகன் விட்டுப்போன வண்டியின் சத்தத்தை ஒரு தடவை கேட்கத் தவிக்கிற அந்தப் பெரியவரை ஏமாற்றுவது மட்டும் என்ன நியாயம்? தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

கார்புரேட்டரை மாட்டினார். பெட்ரோலைத் திறந்தார். கிக்கரில் காலை வைத்தார்.

"தம்பி, இப்பவேவா? ராத்திரி விட்டுப் பாக்கணுமே?" பெரியவர் பதறினார்.

"வேணாம்யா. அடைப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். இப்ப ஓடிடும்."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த துணியோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஆமாய்யா."

"என்னைத் தப்பா நினைக்காதீங்க தம்பி." துணியைப் படியில் வைத்தார். "சின்னப் பொண்ணு. எனக்கு வடிச்சுக் கொட்டியே அவ காலம் போயிடக்கூடாதுன்னுதான் அவ அண்ணனுக்கு வாக்கு குடுத்தேன். குடுத்த நாள்லேர்ந்து தூக்கமில்ல. அவளும் போயிட்டா, இந்த வீட்ல எம் புள்ளையைப் பத்திப் பேசுறதுக்குக்கூட எனக்கு ஆளில்ல. அதான் நீங்க மாட்டிட்டுப் போற அன்னைக்கெல்லாம், அவ தூங்கினப்புறம் நீங்க மாட்டுறப்போ பாத்து வச்சிருந்த பக்கத்துப் பெரிய ஓட்டையை, அந்த மெயின் ஜெட்டை, மெழுகு வச்சு அடைச்சேன்."

மெக்கானிக் கிக்கரிலிருந்து காலை எடுத்தார். திறந்த பெட்ரோலை மூடினார். பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மெழுகு விடியறதுக்குள்ள பெட்ரோல்ல கரைஞ்சு போயிடும்யா. உங்க மருமக வச்சாளே கரையாத சோப்பு, அதுதான் இத்தனை நாளா வண்டியை ஓடவிடாம நிறுத்தி வச்சிருக்கு."