ஆறாவது கீபோர்டு

"நாலு மாசத்துல அஞ்சு கீபோர்டா? அந்தம்மா டைப் அடிக்கிறாங்களா, துணி துவைக்கிறாங்களா?"

புதிதாக வந்திருந்த ஐ.டி. மேனேஜர் கேட்டதும் அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டெக்னீஷியன் சிரிக்கவில்லை.

"கீ ஒட்டிக்குது சார். ஒரு தடவை அழுத்தினா ரெண்டு மூணு தடவை விழுது."

"ஆபீஸ்ல இருநூறு சீட் இருக்கு. எல்லாக் கீபோர்டுக்கும் அந்த ஒரு சீட் மேல மட்டும் அப்படி என்னப்பா கோபம்?"

மேனேஜர் புகார்ப் பட்டியலை மூடி வைத்தார்.

"பழசெல்லாம் எங்கே? வித்தாச்சா?"

டெக்னீஷியன் மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தான். ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றின் ஒயரையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான்.

மேனேஜர் அத்தோடு விடவில்லை. ஒவ்வொன்றாகத் தன் கம்ப்யூட்டரில் சொருகித் தட்டிப் பார்த்தார். ஐந்தும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தன.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நல்லா இருக்கிற கீபோர்டைக் கெட்டுப்போச்சுன்னு எதுக்கு எழுதினே?"

"அங்கே சரியா வரலை சார்."

"அப்போ கோளாறு கீபோர்டுல இல்லை, ஆள்கிட்ட. அதை எழுத வேண்டியதுதானே?"

ஒரு புகாரை முடிக்கும்போது 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். பொருள் கோளாறு, இல்லையென்றால் ஆள் கோளாறு. பொருள் என்று எழுதினால் பொருளை மாற்றியாக வேண்டும். ஆள் என்று மூன்று முறை விழுந்தால், அந்தப் பெயர் தானாக நிர்வாகத்துக்குப் போய்விடும். போன வருடம் அப்படிப் போன நான்கு பேரில் ஒருவர்கூட இப்போது வேலையில் இல்லை.

"உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"சாயங்காலத்துக்குள்ள நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு."

வெள்ளைத்தாள் ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் மாடி ஏறினார்.

மாடியில் கடிதப் பிரிவு. அந்த அம்மாவை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிறுவனத்தின் கடிதங்களில் பாதி அவர் அடிப்பவைதான். மேனேஜர் தலையைக் கண்டதுமே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சார்! உங்க ஆளு மாட்டிட்டுப் போயிருக்கிற லட்சணத்தை வந்து பாருங்க. வர்றான், ஒரு ஓட்டையைக் கழட்டறான், இன்னொரு ஓட்டையை மாட்டறான், போறான். உருப்படியா ஒரு கீபோர்டு கொடுக்கத் துப்பில்லை!"

வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா. நானே அடிச்சுப் பார்க்கறேன்."

மேனேஜர் தன் போன் நம்பரை வேகமாக அடித்தார். கடைசியில் இரண்டு ஏழு வர வேண்டும். ஒன்றுதான் விழுந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் ஒன்றுதான்.

ஒன்று இரண்டாகிறது என்றல்லவா புகார்? இங்கே இரண்டு ஒன்றாகிறதே!

மேனேஜரும் ஒரு காலத்தில் ஒயர் சுருட்டியவர்தான். செட்டிங்ஸைத் திறந்து உள்ளே போனார். யாரும் போய்ப் பார்க்காத ஒரு பக்கத்தில் ஒரு சின்ன வசதி போடப்பட்டிருந்தது. ஒரே கீ அடுத்தடுத்து அழுந்தினால், முதல் தடவையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். கை நடுங்குகிறவர்களுக்காக வைத்தது. அதன் அளவு ஏறக்குறையக் கடைசி வரை ஏற்றப்பட்டிருந்தது. கீபோர்டு மாற்ற வந்த ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியன்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டும்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அக்கா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்மா," மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "கோளாறு கீபோர்டுல இல்லைன்னு..."

"ரெண்டாவது கீபோர்டு வந்தப்பவே தெரியும் சார்." அக்காவின் குரலும் இறங்கிவிட்டது. "மாத்திரை சாப்பிடறேன். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. மெதுவாத்தான் அடிக்கிறேன், ஆனா தப்பா ஒரு கடிதம் போனதில்லை. வேணும்னா எடுத்துப் பாருங்க."

"அப்புறம் எதுக்கு அவனைப் போட்டு இந்தத் திட்டுத் திட்டறீங்க?"

"நான் திட்டலேன்னா, கீபோர்டுதான் கெட்டுப்போச்சுன்னு இந்த வரிசையில யார் சார் நம்புவாங்க?" என்றவர், இன்னும் மெல்லச் சொன்னார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், பாவம்."

மேனேஜர் போனை எடுத்து டெக்னீஷியனை மேலே வரச் சொன்னார்.

வந்தான். கையில் அதே வெள்ளைத்தாள். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. இந்தத் தடவை எல்லாத் தலைகளும் திரும்பின.

மேனேஜர் தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வரிசையின் கடைசி மேசைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அஞ்சு கீபோர்டு மாட்டியிருக்கியே, ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா? நானே அடிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணும் சரியில்லை! போய் ஆறாவது ஒண்ணு எடுத்துட்டு வா. அடுத்த வருஷமாவது ஒழுங்கா வேலை பாரு!"

"நல்லாக் கேளுங்க சார்!" என்றார் அக்கா.