கல்லுத் தீவில் ஒரு சைக்கிள்

"கல்லும் முள்ளும் நிறைஞ்ச தீவுக்குச் சைக்கிளோ? தம்பி, உமக்கென்ன விசரே?"

நாச்சிக்குடாத் துறையில் மோட்டர் வள்ளத்துக்குள் நின்றபடி யாகப்பு கேட்டார். காலையில் இரணைதீவுக்கு ஆட்களை ஏற்றிப்போய், நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவர் தொழில். ஆடு ஏற்றியிருக்கிறார், அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறார், ஒருமுறை கோயில் மணிகூட ஏற்றியிருக்கிறார். சைக்கிள் இதுதான் முதல்தடவை.

பரமலிங்கம் அசடு வழிந்தான். முழங்காவிலில் வயல் செய்கிறவன். முப்பது வயது தாண்டிவிட்டது. பக்கத்தில் அவன் மனைவி அருந்ததி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை தொடங்கிற வேலை, அண்ணை. சைக்கிள் ஓடிக் காட்டினால்தான் தருவினம். ஊருக்குள்ளை பழகினால் சனம் பல்லைக் காட்டும். தீவெண்டால் எங்களை ஆருக்குத் தெரியும்?"

யாகப்பு சைக்கிளை உற்றுப் பார்த்தார். பெயின்ற் உரிந்த பழைய சைக்கிள்; நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓடுகிற சைக்கிள். பிறகு அருந்ததியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வீடு வீடாப் போற மருத்துவிச்சி வேலையோ, பிள்ளை?"

அருந்ததி கணவனைப் பார்த்தாள். குனிந்து சிரித்தாள். பிள்ளை வெட்கப்படுகிறது என்று யாகப்பு அதோடு விட்டுவிட்டார்.

தீவில் இறங்கியதும் பரமலிங்கம் வந்த வேலையையே மறந்துபோனான். சாந்து ஒரு துளியும் இல்லாமல் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை அடுக்கியே நெஞ்சளவுக்கு மதில் கட்டியிருந்தார்கள். எத்தனை மாரிக் காற்றைக் கண்ட மதிலோ, ஒரு கல்லும் அசையவில்லை. புல்லே தெரியாத அந்த நிலத்தில் ஆடுகள் கொழுத்துத் திரிந்தன.

"இந்தக் கல்லுக்கையும் சனம் சீவிக்குது பார், அருந்ததி!"

"போகேக்கை ஆறுதலாப் பாப்பம். நாலு மணிக்கு வள்ளம் வெளிக்கிட்டிடும். இண்டைக்கு விட்டால் வேறை நாளில்லை."

கோயிலுக்கு முன்னால் கொஞ்சம் மட்டமான வெளி இருந்தது. சைக்கிள் அங்கே போவதைக் கண்டு, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"திரும்பி இருங்கடா! ஆரோ வீட்டுப் பொம்பிளை விழுந்தெழும்புறதைப் பாக்கிறதே?" என்று யாகப்பு அதட்டினார்.

எல்லாரும் கடலைப் பார்த்து இருந்தார்கள். யாகப்புவும் அப்படியே இருந்தார். ஆனால் காதை என்ன செய்வது? முதுகுக்குப் பின்னால் 'தடார்' என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'தடார்'. ஒவ்வொரு தடவையும் அருந்ததியின் சிரிப்புக் கேட்டது.

"விழுந்தும் சிரிக்குது! சேசுவே, எப்பிடிப்பட்ட பிள்ளை!" யாகப்பு உருகிப்போனார்.

மூன்று மணிக்குப் பிறகு சைக்கிள் மணிச் சத்தம் மட்டுந்தான் வந்தது.

வள்ளம் புறப்பட்டதும் யாகப்புவால் பொறுக்க முடியவில்லை.

"சரிவந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை. கடைசியாக் கோயிலைச் சுத்திப் பத்துத்தரம். ஒருக்காலும் விழேல்லை," என்றாள் அருந்ததி. அவள் முகமெல்லாம் பெருமை.

"அப்ப வேலை கிடைச்ச மாதிரித்தான்!" யாகப்பு ஒரு சின்னப் போத்தல் எண்ணெயை எடுத்து அவளிடம் நீட்டினார். "காயத்துக்குப் பூசு, பிள்ளை."

பிறகு பரமலிங்கத்தின் தோளில் தட்டினார். "தம்பி, நீரெல்லோ ஆம்பிளை! பொஞ்சாதியைச் சைக்கிளிலை ஏத்திப் பழக்க எத்தினை பேருக்கு மனம் வரும்? நான் என்ரை மனுசியை இந்தச் சுக்கானைத் தொடவும் விட்டதில்லை."

பரமலிங்கம் சால்வையை இழுத்து முழங்கால்களை மூடிக்கொண்டான். "கெட்டித்தனம் முழுக்க இவவின்ரைதான், அண்ணை."

என்ன அடக்கம் என்று யாகப்பு அதற்கும் மெச்சினார்.

நாச்சிக்குடாவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. பரமலிங்கம் நொண்டி நொண்டிக் கரையேறினான். சால்வை நழுவியது, வேட்டி இரண்டு முழங்காலிலும் கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது.

அருந்ததி எண்ணெய்ப் போத்தலை அவன் கையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

"பின்னாலை இருந்து என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. திங்கக்கிழமை தபால் பையோடை நீங்கள் தனியத்தானே ஓடவேணும்!"

புருஷனை ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய சைக்கிள் மணல் பாதையில் ஆடாமல் போவதை யாகப்பு வாயைப் பிளந்து பார்த்தார். திரும்பி இருக்க மறந்துபோனார்.