சாயம் படாத துண்டு

மதியம் மூன்று மணிக்கே அந்த அறை கும்மிருட்டு. நுண்ணோக்கியின் பச்சை வெளிச்சம் மட்டும் ஆராய்ச்சி மாணவியின் கன்னத்தில் விழுகிறது. அதன் கீழே கண்ணாடிச் சில்லில் இருப்பது, ஒரு கிழக் குரங்கின் மூளையில் கையை அசைக்க வைக்கும் பகுதியிலிருந்து சீவியெடுத்த துண்டு. அந்த நரம்பணுக்களில் நியூரோபெப்டைடு என்ற குட்டிப் புரதம் இருக்கிறது என்பதுதான் அவளுடைய நான்கு வருட ஆய்வு. இருந்தால், தடவிய சாயம் அதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும். ஒளிர்கிறது.

"பாத்தீங்களாண்ணே? சும்மா ஜொலிக்குது!"

கருவியைக் கவனிக்கும் அண்ணன் சில்லின் ஓரத்தில் ஒட்டிய சீட்டைப் படிக்கிறார். குரல் இறங்குகிறது.

"மாத்தி வெச்சுட்டியேம்மா. இது சாயமே தடவாதது. உன் ஆய்வேட்டப் படிச்ச தேர்வாளர் ஒப்பிட்டுப் பாக்கக் கேட்டாரே, அது."

"அப்ப எப்படிண்ணே மின்னுது?"

"வயசான அணுவுல சேர்ற கசடு. அது தானாவே மின்னும். இத மொத வருஷமே பாத்திருக்கணும் தாயி."

"கசடு சேராத எளங்குரங்கோட துண்டு..?"

"இருந்தது ஒரே மூளை. அதையும் சீவித் தீத்தாச்சு."

அவள் சாயம் தடவிய துண்டை எடுத்து மாட்டுகிறாள். திருகைத் திருப்பிப் பார்க்கிறாள். அதே பச்சை. சாயம் தடவாததைவிட இம்மியும் கூடவில்லை.