மெல்லிசுக் கம்பி

குளிக்கப் போன அம்சவல்லி குழாயில் கை வைத்ததுதான் தாமதம், தோள்பட்டை வரைக்கும் சுரீரென்று இழுத்தது.

டப்பென்று ஒரு சத்தம். பாத்ரூம் லைட் அணைந்தது. கை தானாக விடுபட்டது.

ஈரத்தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. அடேயப்பா, உயிர் இருக்கிறது!

குழாயின் பின்பக்கம் சிவப்பு ஒயர் ஒன்று சுற்றியிருந்தது. நேற்று வரை அது அங்கே இல்லை. ஜன்னல் வழியாகப் போய், புருஷன் ராஜ்மோகன் படுத்திருந்த அறைக்குள் நுழைந்தது.

எத்தனை மணிக்குக் குளிப்பாய் என்று ஒரு வாரமாக அக்கறையாய் விசாரித்தானே, பாவி!

வாசலில் பைக் கிளம்பியது. இவள் செத்தாள் என்று நினைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க டீ குடிக்கப் போகிறான்.

சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். மெயின் போர்டில் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினாள். வெள்ளைப் பீங்கான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக இதற்குத்தான் பிசிறு சீவுகிறாள்.

ஊர் ஊருக்கு ஃப்யூஸ் கட்டை அனுப்புகிற ஊர்தான். ஆனால் இங்கே பாதி வீட்டில் அதற்குள் தடித்த செம்புக் கம்பிதான் இருக்கும். மெல்லிசுக் கம்பி போட்டால் அடிக்கடி எரியும், யார் மாரடிப்பது? ராஜ்மோகனும் தடிக் கம்பிதான் மாட்டியிருந்தான். கரண்ட் நிற்காது என்று அதை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கியிருக்கிறான்.

இப்போது உள்ளே இருந்தது தலைமுடி கனத்துக் கம்பி. மண்ணுக்குள் போகிற இரும்புக் குழாய் இழுத்த கரண்டைத் தாங்காமல் நடுவில் எரிந்து துண்டாகியிருந்தது.

இதை யார் மாற்றியது? பழமலைநாதா, நீயேவா வந்து மாட்டினாய்? மேலெல்லாம் புல்லரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மாமியார் வீராயி. அதே கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்தவள். மருமகளோடு முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷமாகிறது. அவள் உள்ளங்கையில் அந்தத் தடிக் கம்பி இருந்தது.

"நேத்து சாயங்காலம் ஒயரும் கையுமா கொழாய்கிட்டயே நின்னுக்கிட்டு இருந்தான். எனக்குச் சந்தேகம் வந்துடுச்சி. அப்படியெல்லாம் இருக்காதுன்னு நெனச்சேன். பெத்த வாயால எப்படிடி சொல்லுவேன்? கம்பிய மட்டும் மாத்திப்புட்டேன்."

அம்சவல்லிக்கு இந்தக் கிழவியையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று இருந்தது.

வீராயிக்கு அவன் ஒரே பிள்ளை. அதுவும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"பொடவய மாத்திக்கிட்டு வா, ஸ்டேஷனுக்குப் போவலாம். நீ சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டைம்பாங்க. நான் சொல்றேன்."